கண்டென்சர் மாற்றிய பிறகும்

மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று கூடத்தில் கொசு அடிக்கக் கை தட்டினேன். தட்டிய சத்தம் சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. முன்னெல்லாம் அப்படி வராது.

போனில் நீ "ம், சொல்லு" என்றதும் எனக்கு வாய் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். பெரியம்மா வீட்டில் உனக்கு வசதியாக இருக்கிறதா? முதுகுவலி எப்படி? சலவைக் கடையில் என்னை இஸ்திரி மேசைக்கு மாற்றிவிட்டார்கள். வருகிறவர்களிடம் பேச வேண்டியதில்லை. நிம்மதி.

அப்பாவுக்குத்தான் நிம்மதி இல்லை. நீ போனதிலிருந்து அவருடைய ஸ்டீரியோ செட் சரியில்லையாம். "பாடுறவ தொண்டையில தகரத்த மாட்டின மாதிரி இருக்கு" என்கிறார். முதலில் ஸ்பீக்கர் வயரை மாற்றினார். பிறகு ஆம்ப்ளிஃபயரைத் திறந்து, கண்டென்சர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வேறு வைத்துப் பற்றவைத்தார். நான்தான் டார்ச் பிடிக்கிறேன். ஒன்றை மாற்றியதும் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, "இப்ப?" என்று கேட்கிறார். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கிறது. "கொஞ்சம் பரவாயில்லப்பா" என்கிறேன். முகம் மலர்ந்துவிடுகிறது. மறுநாள் காலையில் மறுபடி ஸ்க்ரூடிரைவரைத் தேடுகிறார்.

அம்மா, கோளாறு செட்டில் இல்லை. கூடத்துத் திரைச்சீலைகள், நீ படுக்கும் பஞ்சு மெத்தை, உன் துணிமணி எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டாய். கூடம் மொட்டையாக இருக்கிறது. முன்பு துணி குடித்த சத்தத்தைச் சுவர் இப்போது துப்புகிறது. நீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும். எப்போது வருகிறாய்?

உன் பூனை


மார்ச் 11

என் பூனைக்குட்டிக்கு,

முதுகு தேவலை. இஸ்திரி மேசையில் நின்றுகொண்டே இருக்காதே, கால் வீங்கும். நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார். கேட்டால் ஒன்றும் கடித்துவிட மாட்டார்கள்.

உன் அப்பாவின் காது கூர்மைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஒரு சாண் வயர் மாறினால்கூடக் கண்டுபிடிப்பார். போன வருஷம் எனக்குத் தொண்டை கட்டி, ஒரு வாரம் குரலே இல்லாமல் சைகையில் பேசிக்கொண்டிருந்தேனே, நினைவிருக்கிறதா? அந்த வாரக் கடைசியில் என்னிடம் வந்து, "வீடு ஒரு மாதிரி அமைதியா இருக்கே, ஃபேனுக்கு எண்ணெய் போட்டியா?" என்றார். பெரியம்மாவிடம் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

திரைச்சீலையை உருவிக்கொண்டு வந்தது வீம்பு. நான் தைத்தது, எதற்கு விட வேண்டும் என்று தோன்றியது. உன் கேள்விக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை, கண்ணு. உன் அப்பா ஒரு தடவை வாயைத் திறந்து கேட்கட்டும். நீ கேட்டு நான் வந்தால், அது உனக்காக வந்ததாகத்தான் இருக்கும்.

அம்மா


மார்ச் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்டூல் கேட்டேன். கொடுத்துவிட்டார்கள்.

அப்பாவிடமும் பேசிப் பார்த்தேன். "கூடம் காலியா கிடக்குப்பா, அதான் சத்தம் இப்படி" என்றேன். பற்றவைக்கும் புகையை ஊதிக்கொண்டே, "காலியா இருந்தா நல்லதுதானே, ஸ்பீக்கரத் தள்ளி வைக்கலாம்" என்றார். அம்மாவைக் கூப்பிடுங்கப்பா என்பது பல் வரைக்கும் வந்தது. "டார்ச்ச ஆட்டாதடி" என்றார். உள்ளே போய்விட்டது.

இப்போது வேறு கண்டென்சர் வாங்கி வந்திருக்கிறார். முன்னதைவிடக் குண்டு. கொஞ்ச நாள் ஓடிப் பழகினால்தான் குரல் இறங்குமாம், கடைக்காரர் சொன்னாராம். அதனால் நாள் முழுக்கப் பாட்டு ஓடுகிறது. பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாரே தவிர, கேட்பதுபோலத் தெரியவில்லை. நீயே அவருக்கு ஒரு வரி எழுதேன்.

உன் பூனை


ஏப்ரல் 2

கண்ணுக்கு,

இந்தப் பார்சலில் கூடத்துத் திரைச்சீலைகள் நாலும் இருக்கின்றன. துவைத்து, பிரிந்திருந்த ஓரத்தைத் தைத்திருக்கிறேன். மாட்டிவிடு. அவருக்குச் சத்தம் சரியாகட்டும்.

மெத்தை எனக்கு வேண்டும். இங்கே ஒரு தையல் கடையில் சேர்ந்துவிட்டேன். நான் வரவில்லை, கண்ணு. ஒரு வரி எழுதச் சொன்னாய். பதினெட்டு வருஷம் பேசியாயிற்று, இனி எழுதி என்ன? உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ எப்போது வந்தாலும் மெத்தையில் இடமிருக்கிறது.

அம்மா


ஏப்ரல் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

பார்சல் வந்தது. உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். ஒரு சட்டையைத் தீய்த்துவிட்டேன்.

அப்பா வெளியே போயிருந்தபோது திரைச்சீலைகளை மாட்டினேன். வந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. நேராகப் போய்ப் பாட்டைப் போட்டார். உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். சட்டென்று எழுந்து என் கையைப் பிடித்தார். "கேட்டியா? நான் சொன்னேன்ல! கண்டென்சர் பழகிடுச்சு. இப்பதான் மனுஷி பாடுற மாதிரி இருக்கு" என்றார். "உங்கம்மா இதக் கேட்டா நம்புவாளா? ஒரு சின்ன சாமான்ல என்ன இருக்குன்னு நொட்டை சொல்லுவா."

அவரை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து வெகு நாளாயிற்று. பாட்டும் நன்றாகத்தான் இருந்தது. எனக்கே வித்தியாசம் தெரிந்தது. அப்படியே விட்டுவிடலாமா என்று நினைத்தேன். விட்டால், கண்டென்சர்தான் காரணம் என்று கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்.

நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, நாலு திரைச்சீலைகளையும் கம்பியிலிருந்து உருவினேன். மடித்து அவர் மடியில் வைத்தேன். அதே பாட்டை முதலிலிருந்து போட்டேன்.

உன் பூனை