உன் கணக்கை மூடிய நாள்

கடற்கரைக்காரிக்கு,

இன்று காலை சர்வர் அறையைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் முகத்தில் அடித்தது. குறுவை அறுப்பு முடிந்தால் வயல் எலியெல்லாம் நம் கல்லூரிக்குள் குடியேறிக் கேபிளைக் கடிக்கும் என்று நீ போட்டு வைத்தவை. "எல்லாம் உங்க கீழ்வேளூர் எலிதான்டி, வளப்பு சரியில்ல" என்று என்னைச் சீண்டுவாய். இந்தக் கல்லூரியின் நெட்வொர்க்குக்கு நாம் இருவர்தான். இப்போது நான் ஒருத்தி.

நின்று வாசம் பிடிக்க நேரமில்லை. கல்லூரி முழுக்க வைஃபை கிடைக்கவில்லை. சிக்னல் முழுதாகக் காட்டுகிறது; பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் எல்லோரையும் வெளியே தள்ளுகிறது. மதியம் ஆன்லைன் தேர்வு வேறு. உன் பாடத்தைத்தான் சொல்லிக்கொண்டேன்: "ஒருத்தருக்கு வரலன்னா போனப் பாரு, ஒரு மாடிக்கு வரலன்னா ஆக்சஸ் பாயின்டப் பாரு, ஊருக்கே வரலன்னா நம்ம கையப் பாரு."

சர்வரின் பதிவைத் திறந்தேன். வரிக்கு வரி உன் பெயர். கணக்கு முடக்கப்பட்டது, கணக்கு முடக்கப்பட்டது.

மாடிக்கு மாடி வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட் பெட்டி தானாக யாரையும் உள்ளே விடாது, சர்வரைக் கேட்கும். சர்வர் கல்லூரி ஆட்களின் பட்டியலைப் பார்த்துச் சொல்லும். அந்தப் பட்டியலைத் திறக்க சர்வருக்கே ஒரு கணக்கு வேண்டும். வைஃபை தொடங்கிய அன்று முதல்வர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார். "இப்ப என் பேர்ல ஓடட்டும், பொறவு மாத்திக்கலாம்" என்று உன் கணக்கையே அதற்குக் கொடுத்தாய். பிறகு இருவருமே மறந்துபோனோம். நேற்று மாலை அலுவலகத்தில், பணியில் இல்லாதவர்களின் கணக்குகளை முடக்கியிருக்கிறார்கள். இத்தனை வருடமும் மாணவர், ஆசிரியர், முதல்வர் எல்லோரும் உன் பெயரில்தான் உள்ளே போயிருக்கிறார்கள்.

"அந்தம்மா செஞ்ச குளறுபடியா?" என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவங்க செஞ்சதாலதான் சார் இத்தன நாளு ஓடுச்சு. மூடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றேன். தப்பு தப்புதான்டி. அதை உன்னிடம் மட்டும்தான் சொல்வேன்.

தேர்வு நடக்க வேண்டுமே, உன் கணக்கைத் திரும்பத் திறந்துவிட்டேன். உன் பெயருக்கு நேராக 'செயலில் உள்ளது' என்று வந்தது. மாடி மாடியாக எல்லோரும் உள்ளே வரத் தொடங்கினார்கள். அட்டெண்டர் அக்கா எட்டிப் பார்த்து, "வந்துருச்சும்மா" என்றார். அதைக் கேட்டதும் மேசையில் தலையை வைத்து அழுதேன்.

காய்ச்சல் என்று ஊருக்குப் போனவள் நீ. "ஞாயித்துக்கெழம மீனோட வர்றேன், நீ சோத்த மட்டும் வடிச்சு வை" என்று போனில் சொன்னாய். அந்த ஞாயிற்றுக்கிழமை சீர்காழி தாண்டி உங்கள் ஊருக்கு நான் வந்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார்கள். பெண்கள் தெருமுனையோடு நிற்க வேண்டும் என்றார்கள். உன் அம்மாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தேர்வு முடிந்தது. சர்வருக்கென்று தனிக் கணக்கு போட்டு, சோதித்து, மாற்றினேன். இனி உன்னுடையது தேவையில்லை. ஆளில்லாத கணக்கைத் திறந்து வைப்பது ஆபத்து என்று நீயே கத்துவாய். இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமே என்று மனம் கெஞ்சியது. நேற்று உன்னை மூடியவர் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த, உன்னைப் பார்த்தே இராத யாரோ. இன்று மூடியது நான்.

பிறகு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஏதாவது ஓர் அறையில் வரவில்லை என்று ஒருவராவது கூப்பிடட்டும், நீ இல்லாமல் முடியவில்லை என்று ஒருவராவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. எல்லோருக்கும் ஒழுங்காகக் கிடைத்தது. நம் வேலையில் அதைத்தான் வெற்றி என்போம்.

கல்லூரிக்கு இனி நீ வேண்டாம். எனக்கு வேண்டும்டி.