இரண்டும் என் படம்

என் கூடப் பிறந்தவளுக்கு,

நான் நலம், நீ நலமா என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நான் நலமாக இல்லை. நீ நலமா என்பது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அதனால்தான் இதை வீட்டுக்கு அனுப்பாமல் உன் வேலை இடத்து முகவரிக்கு அனுப்புகிறேன். கழிப்பறையில் நின்றாவது முழுக்கப் படித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்று சொன்னாய். வாஷிங் மெஷின் சத்தம் போடுகிறது, பெரியவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், மாமியாருக்கு முட்டிவலி என்று அடுக்கிவிட்டு, அதோடு அதாக, குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது என்றாய். எனக்கு உயிரே போய்விட்டது. எங்கேயாவது காட்டினாயா என்று கேட்டேன். காட்டினாயாம். அங்கிருந்த நர்ஸ் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ‘ரெண்டு வருஷம் முன்னாடி சுத்தமா இருக்கே, சாதாரணக் கட்டியாத்தான் இருக்கும், அடுத்த முறை பார்த்துக்கலாம்’ என்று அனுப்பிவிட்டாளாம். பக்கத்திலிருந்து உன் வீட்டுக்காரர், ‘அதான் பேப்பர் இருக்கே அண்ணி, நீங்க வேற பயமுறுத்தாதீங்க’ என்றார். உன் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கிடக்கும். உன்னிடம் ரகசியம் பேசுவதும் மைக் வைத்துப் பேசுவதும் ஒன்றுதான். நானும் சரி சரி என்று வைத்துவிட்டேன். அப்படி வைத்த கையை என்ன செய்தால் தகும்?

அடியே, அந்தப் பேப்பரில் இருப்பது உன் பெயர் மட்டும்தான். உள்ளே இருக்கும் மார்பு என்னுடையது. நிஜமாகவே மறந்துபோனாயா?

மறந்திருந்தாலும் உன்னைக் குறை சொல்ல முடியாது. நீ ஊர் மாறிப் போகும்வரை சலவை ஆலையில் பதினேழு வருடம் நாம் சேர்ந்து பார்த்த வேலை அப்படி. நீ தாமதமாக வந்தால் உன் வருகை அட்டையை வாசல் மெஷினில் நான் தட்டுவேன், எனக்குத் தலைவலி என்றால் என் அட்டையை நீ தட்டுவாய். சூப்பர்வைசர் அம்மாவுக்கே நம்மில் யார் எவள் என்று கடைசிவரை தெரியாது. எவளோ ஒருத்தி விரிப்பு மடித்தால் போதும் என்று விட்டுவிட்டாள். இரண்டு வருடம் முன்பு பரிசோதனை வண்டி ஆலைக்கு வந்த வாரமும் அதே பழக்கத்தில்தான் நடந்தது. நாற்பது தாண்டியவர்கள் எல்லாரும் மார்பைப் படம் எடுத்துச் சீட்டைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்றார்கள். திங்கட்கிழமை என் முறை, போய் வந்தேன். வியாழன் உன் முறை. சின்னவளுக்குக் காய்ச்சல், உன் வீட்டுக்காரர் வெளியூர், மாமியாரை வைத்தியரிடம் கூட்டிப்போக ஆள் இல்லை. அரை மணி நேரம், அதுகூட உனக்கு இல்லை. ‘அக்கா, நீயே போயிடேன்’ என்றாய். நானும் வகிட்டை மாற்றி எடுத்துக்கொண்டு, உன் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு, உன் சீட்டோடு ஏறினேன். இரண்டு தட்டுக்கு நடுவே மறுபடியும் என்னையே நசுக்கினார்கள். படம் எடுத்த பெண், ‘உங்க சிஸ்டரும் திங்கட்கிழமை இப்படித்தான் பல்லைக் கடிச்சாங்க’ என்றாள். வெளியே வந்து அதை உன்னிடம் சொல்லி, இருவரும் விரிப்புக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தோம். எப்பேர்ப்பட்ட சிரிப்பு அது!

இப்போது என் விஷயம். உட்கார்ந்து படி. போன மாதம் வண்டி மறுபடி வந்தது. எனக்கும் தலைக்கு மேல் வேலை, இரண்டு முறை தேதி மாற்றினேன். மூன்றாவது முறை மாற்றக் கூச்சமாக இருந்ததால் போனேன், வேறு புத்தியால் அல்ல. திரும்பக் கூப்பிட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். புற்றுநோய்தான். இடது பக்கம். வரும் பதினெட்டாம் தேதி அறுவை சிகிச்சை. உனக்குச் சொல்லாமல் இருந்ததற்கு எனக்கே காரணம் தெரியவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

டாக்டர் அம்மா குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். இரட்டைப் பிறவி, அச்சு அசல் ஒரே ஜாடை என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, ‘அவங்களை உடனே பார்க்கணும், எப்போ படம் எடுத்தாங்க?’ என்றார். இரண்டு வருடம் முன்பு எடுத்தாள், சுத்தமாக இருந்தது என்று பட்டென்று சொன்னேன். பார்த்தாயா, அங்கே உட்கார்ந்துகொண்டும் உன் அட்டையை நான்தான் தட்டுகிறேன். அவர் கணினியில் தேடி, நம் இருவர் பெயரிலும் இருந்த பழைய படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். ‘அப்போ ரெண்டும் உங்க படமா?’ என்று கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. பேனாவை மூடி வைத்துவிட்டு, ‘அப்போ உங்க தங்கையை இதுவரைக்கும் யாருமே பார்க்கலைம்மா’ என்றார். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குக் கிடைக்கிறது, தொண்டையில்தான் இறங்கவில்லை.

அன்று மாலையே உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடுகிறேன் கூப்பிடுகிறேன் என்று நாளைத் தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிட்டு அந்தப் புளியங்கொட்டையைச் சொன்னாய்.

உன் வீட்டுக்காரர் நேர்மையான மனிதர், பொய் என்றால் அவருக்கு ஆகாது, அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசிப்பாய். பழியை என்மேல் போடு. உன் அக்காதான் வற்புறுத்தினாள், சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள் என்று சொல். நான் மறுக்கமாட்டேன். பேச வாய் வரவில்லை என்றால் இந்தக் கடிதத்தை அப்படியே அவர் கையில் கொடு. அந்த ரிப்போர்ட்டைக் கிழித்துவிட்டு மருத்துவமனைக்குப் போய், என்னை இதுவரை யாரும் பரிசோதித்ததில்லை, கட்டி இருக்கிறது, இரட்டையாகப் பிறந்த அக்காவுக்குப் புற்றுநோய் என்று இந்த மூன்றையும் சொல். அடுத்த முறை என்று யாராவது சொன்னால் நகராதே, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார். லீவு கிடைக்காது, மாமியாரைப் பார்க்க ஆளில்லை, சின்னவளுக்குப் பரீட்சை என்று உன்னிடம் ஆயிரம் இருக்கும். எனக்கும் இருந்தது.

வெள்ளிக்கிழமைவரை பொறுத்திருப்பேன். அதற்குள் போய் வந்தேன் என்ற செய்தி வராவிட்டால் நானே கூப்பிட்டு, ஸ்பீக்கரில் இருந்தாலும் சரி, உன் மாமியார் கேட்டாலும் சரி, எல்லாவற்றையும் கத்திச் சொல்லிவிடுவேன். பிறகு நீ ஜென்மத்துக்கும் என்னோடு பேசாமல் இரு. ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வராதே. என்னைத் திட்டிக்கொண்டே போ. ஆனால் போ, கண்ணே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

என் ஆயுசும் உனக்கே என்று எழுதி முடிக்கத்தான் கை வருகிறது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல் அதை எப்படிக் கொடுப்பது? நீ நன்றாக இருக்க வேண்டும். அதைப் பார்க்க நான் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா