வளைவில் நிற்கிறவனுக்கு

நேற்று அவன் மறுபடியும் தோற்றான். அதனால் இன்று காலை நீ மறுபடியும் வந்தாய்.

சூளையிலிருந்து இறக்கிய பொம்மைகளைத் தட்டித் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் வெள்ளைத் தூசு. சட்டைப் பையில் போன் துடித்ததும், எடுத்துப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. சைக்கிள் பந்தய ரசிகர்கள் குழுவில் யாரோ அந்தப் பழைய வீடியோவைப் போட்டிருக்கிறார்கள். மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. நம் சாம்பியன் ஏறி வருகிறான். வேகத்தைக் குறைத்துப் போட்டிருப்பதால் அவன் தோள் ஆடுவது நன்றாகத் தெரிகிறது. கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "இந்த வளைவுல பாருங்க, ஆளு இங்கயே முடிஞ்சிட்டான்."

அவன் தோளுக்குப் பின்னால், சாலையோரத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ நிற்கிறாய்.

அது நீ என்று குழுவில் யாருக்கும் தெரியாது. நானும் சொன்னதில்லை. சொன்னால் கைகூப்பும் படங்களாக வந்து குவியும். அரை மணி நேரத்தில் அதையும் தாண்டி மறுபடி அவன் ஃபார்முக்குப் போய்விடுவார்கள். அதற்கு நீ சும்மா யாரோ ஒரு வேடிக்கை பார்க்கிறவனாகவே இருந்துவிட்டுப் போ.

இங்கே இருந்தவரை உனக்கும் சைக்கிளுக்கும் என்ன உறவு? மங்கலம்பேட்டையில் பஸ் கிடைக்காத நாளில் விருத்தாசலத்துக்கு மிதித்து வருவாய், வந்து சைக்கிளைத் திட்டுவாய், அவ்வளவுதான். நம் செராமிக் யூனிட்டில் நீ அச்சில் களிமண் கூழ் ஊற்றுவாய். வெந்து வந்ததை நான் தட்டிப் பார்ப்பேன். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் அடைத்துக்கொண்டு வரும், ஓரமாக எடுத்து வைப்பேன். "நான் ஊத்துனதுல குத்தம் கண்டுபுடிக்கறதுக்குன்னே உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க மாப்ள" என்று முறைப்பாய். பிறகு உன் தெருவில் பாதிப் பேர் போன வழியில் நீயும் வளைகுடாவுக்குப் போய்விட்டாய்.

அங்கிருந்து ஒருநாள் போன் செய்து அப்படிச் சிரித்தாய்.

"இன்னிக்கு வேலை இல்ல மாப்ள. கேம்ப்புல இருந்து பஸ்ஸுல ஏத்திட்டுப் போயி ரோட்டோரமா நிக்க வச்சாங்க. தொப்பி குடுத்தாங்க, கொடி குடுத்தாங்க, பிரியாணி பொட்டலம் குடுத்தாங்க. சைக்கிள் ரேஸாம். யாரு வர்றாங்கன்னே தெரியாது. கை தட்டச் சொன்னாங்க, தட்டுனோம்."

"நம்மூரு கட்சி மாநாடு மாதிரின்னு சொல்லு."

"அதேதான். ஆனா ஒருத்தன் போனான் பாரு. செயின் சத்தம் மட்டும் கேட்டுது, ஆளே மிதிக்கற மாதிரி தெரியல. அவன் போனப்புறமும் நான் தட்டிக்கிட்டே நின்னேன். பக்கத்துல இருந்தவன் கைய புடிச்சு நிறுத்தறான்."

அவன் யார் என்று அன்றைக்கே தேடிக் கண்டுபிடித்தாய். என்னையும் இழுத்துவிட்டாய். ஊரே கிரிக்கெட்டில் கிடக்க, நாம் இரண்டு பேர் மட்டும் வாயில் நுழையாத பெயருள்ள மலைகளுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். டீக்கடையில் நான் போனில் பேசுவதைக் கேட்டு, ஏதோ நிலத் தகராறு என்றே நினைத்திருக்கிறார்கள்.

நான் உன்னைச் சீண்டுவதற்காகவே பேசுவேன். "அவனுக்குக் கூட்டம் கூடுதுன்னு பீத்திக்காத. நீங்க தின்ன பிரியாணிக்குக் கூடுன கூட்டம் அது."

"நானும் பிரியாணிக்கு வந்தவன்தான். போயிட்டனா?" என்பாய்.

ஃபார்ம் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கால் பொய் சொல்லும், முகம் பொய் சொல்லும், தோளைப் பார் என்பேன். மேலே ஆட ஆரம்பித்தால் உள்ளே காலியாகிவிட்டது என்று அர்த்தம். "பொம்மைய தட்டற மாதிரியே ஆளையும் தட்டிப் பாக்கறியே மாப்ள" என்று நீ சிரிப்பாய்.

கடைசி வருடம் உன்னை யாரும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. நீயே லீவு போட்டுவிட்டு மலைக்குப் போனாய். "இந்தத் தடவ தொப்பியும் கெடையாது, பொட்டலமும் கெடையாது. வளைவுல நிப்பேன், தேடிப் பாரு" என்றாய். நான் யூனிட் வாசலில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரியாக அந்த மலை வரும்போது நெட் நின்றுபோய் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. திரும்பப் படம் வந்தபோது அவன் கையைத் தூக்கியபடி கோட்டைக் கடந்துகொண்டிருந்தான்.

சாயங்காலம் நீ பேசினாய். குரல் விட்டு விட்டு வந்தது.

"ஜெயிச்சுட்டான் மாப்ள. என்னைப் பாத்தியா?"

"எங்க பாக்கறது, நெட்டு சுத்திக்கிட்டே இருந்துது. உனக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"வளைவு வரைக்கும் நடந்து ஏறுனேன்ல. வுடு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

சைக்கிளில் ஏறினவனுக்கே வாங்கவில்லை, உனக்கு வாங்குகிறதா என்று கேலி செய்தேன். நீயும் சிரித்தாய். சில வாரங்களில் கேம்ப்பில் தூங்கப் போனவன் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வந்தது. மையத்தை, உன் உடலை, ஊருக்குக் கொண்டுவர நாளாகும் என்று அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். உன் மனைவி உன் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவனும் ஜெயிக்கவில்லை. தோற்கத் தோற்க, எங்கே சறுக்க ஆரம்பித்தான் என்று எல்லோரும் பழைய வீடியோக்களைக் கிண்டினார்கள். அப்படித்தான் இந்த வளைவு அகப்பட்டது. முதல்முறை பார்த்தபோது என் கையிலிருந்த பொம்மை கீழே விழுந்து உடைந்தது. ஒரு கை கம்பியில், ஒரு கை நெஞ்சில். நீ அவனுக்குச் சலாம் சொல்கிறாய் என்று நினைத்தேன். உன் ஊரில் பெரியவர்கள் கை கொடுத்துவிட்டு நெஞ்சில் வைத்துக்கொள்வார்களே, அதுபோல. உள்ளூர ஒரு பெருமை கூட வந்தது.

வீடியோவைப் போனில் சேமித்தும் வைத்திருக்கிறேன். ஆனால் நானாக எடுத்துப் பார்த்தால் அது வெறும் படம்தான். எங்கோ இருக்கிற யாரோ ஒருவர் போட்டு, பையில் போன் துடித்தால், நீ வந்தது போலவே இருக்கிறது. இதைச் சொன்னால் அடிக்க வருவாய். அவன் தோற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். ஒவ்வொரு பந்தயத்திலும் அவன் தோள் ஆடுகிறதா என்று ஆசையோடு பார்த்தேன்.

உன் மனைவி வெளியாள் முகம் பார்க்காமல் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடிக்கும்வரை காத்திருந்தேன். முடிந்ததும் மங்கலம்பேட்டைக்குப் போனேன். காட்டலாமா கூடாதா என்று பஸ்ஸிலேயே பத்து மாதிரி யோசித்தாகிவிட்டது. உன் அம்மா கட்டிலில் இருந்தார்கள். உன் மனைவி கதவோரம் நின்றுகொண்டு போனை வாங்கினாள்.

"சாம்பியனுக்குச் சலாம் சொல்றான் பாரும்மா" என்றேன்.

அவள் சாம்பியனைப் பார்க்கவே இல்லை. படம் முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். பிறகு போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சலாம் சொல்றவரு சட்டையக் கசக்கிப் புடிப்பாராண்ணே?"

வாங்கிப் பார்த்தேன். உன் விரல்களுக்குள் சட்டை சுருண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. எல்லோரும் அவனைப் பார்க்க, நீ மட்டும் எதையும் பார்க்கவில்லை. நேரில் பார்த்தே இராத ஒருவனின் தோளை அத்தனை நாள் உற்றுப் பார்த்த எனக்கு, பின்னால் நின்ற உன் கை தெரியவில்லை.

அவள் அழவில்லை. "அன்னிக்கு அந்த ஆளு ஜெயிச்சாரா?" என்று கேட்டாள். ஜெயித்தான் என்றேன். "அதைப் பாத்துட்டுத்தான எறங்கியிருப்பாரு" என்றாள். அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம்ணே, கையில இருந்தா வூட்டுல ஒரு வேலை ஓடாது. நீங்க வரும்போது காட்டுங்க" என்றாள்.

அதிலிருந்து, குழுவில் நீ வருகிற நாளெல்லாம் நான் உன் வீட்டுக்குப் போகிறேன். கதவைத் திறந்ததும் அவள் கேட்பது ஒன்றுதான்: "தோத்துட்டாராண்ணே?" தலையாட்டுவேன். அடுப்பில் டீ வைத்துவிட்டு வந்து போனை வாங்கிக்கொள்வாள். வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் அவன் தோற்றதில் எங்கள் இருவருக்குமே வருத்தம் இல்லை.

இன்றும் போனேன். பார்த்து முடித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தவள், நான் செருப்பு மாட்டும்போது சொன்னாள்.

"அடுத்த தடவ அவரு ஜெயிச்சாலும் வாங்கண்ணே."

வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அடுத்த மாதம் அதே மலையில் பந்தயம். நீ இருந்தால் "இந்தத் தடவ பாரு மாப்ள" என்று இப்போதே ஆரம்பித்திருப்பாய். அவன் ஜெயித்துவிட்டால் பழைய வளைவை யாரும் தேடப் போவதில்லை. சட்டையைக் கசக்கிப் பிடித்தபடி நீ என் பைக்குள்ளேயே நிற்பாய், என்னோடு சூளைக்கும் வீட்டுக்கும் வந்துகொண்டு.

அவன் ஜெயிக்கட்டும் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை, மாப்ள.