அந்த லாசர் தாளை எழுதியது நீயா

அன்புள்ள பெரியவளுக்கு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சின்னவளைத் தூங்க வைத்து, பாத்திரம் கழுவி, அவளுடைய யூனிஃபார்மைத் தேய்த்து வைப்பதற்குள் தெருவே அடங்கிவிட்டது, உங்கள் கன்னியர் மடத்தில் முதல் தூக்கம் முடிந்து ஜெபத்துக்கு எழுந்திருக்கிற நேரமே வந்திருக்கும். நாங்கள் மூவரும் ஆண்டவர் கிருபையில் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே, தவக்காலம் முடிந்தது, இனி உங்களுக்குக் கடிதம் வரலாம் போகலாம் என்று மதர் சொன்னார்கள்.

அப்பா ஒரு புது ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் லிஃப்ட் மாட்டும் வேலைக்குப் போய் வருகிறார், முட்டி முழுக்கக் கிரீஸோடு சோபாவில் உட்கார்ந்து தினமும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். நான் அதே பல் டாக்டரிடம்தான், வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டு. சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, அந்த ஓட்டை வாயை வைத்துக்கொண்டு, அக்கா பேசாம இருக்கிற விளையாட்டு இன்னும் முடியலையா, யாரு ஜெயிச்சா என்று கேட்கிறாள். எனக்கே தெரியலடி என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சகோதரிகள் முறை வைத்து எழுதி, தவக்காலத்தில் வாரம் ஒன்றாகப் பங்குக் கோவில்களுக்கு அனுப்புகிறீர்களே வேதாகமச் சிந்தனைத் தாள், அதை இந்த வருடம் நம் கோவிலில் பூசைக்கு முன்னால் வாசிக்கிற பொறுப்பை நானே பங்குச் சாமியாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். பெயர் போடாமல் அனுப்புவது உங்கள் மடத்து வழக்கம், தெரியும். ஆனாலும் வனாந்தரத்துச் சோதனையில் உன்னைத் தேடினேன், கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் தேடினேன், பார்வை கிடைத்த குருடனிடமும் தேடினேன். எல்லாவற்றிலும் நீ இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அப்புறம்தான், செத்து நாலு நாள் கல்லறையில் கிடந்து ஆண்டவர் கூப்பிட்டதும் எழுந்து வந்தவனைப் பற்றிய லாசர் தாள் வந்தது. லாசர் வெளியே வந்ததை எல்லோரும் பேசுகிறோம், உள்ளே கிடந்த நாட்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்று ஆரம்பம். பிணத்துணிக் கட்டுக்குள் அரித்தால் சொறிய முடியாது, வெளியே கூடப்பிறந்தவர்கள் அழுவது காதில் விழாது, ஆண்டவர் வருகிறாரா இல்லையா என்றும் தெரியாது, நானும் சில காலமாக அங்கேதான் இருக்கிறேன், கல் இன்னும் நகரவில்லை என்று முடிவு. அரிப்பு என்ற இடத்தில் அதே வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டேன். சின்ன வயதில் கை ஒடிந்து மாவுக்கட்டுப் போட்டபோது ஸ்கேலை உள்ளே விட்டுச் சொறிந்து, அது பாதியில் உடைந்து, டாக்டர் கட்டையே பிரிக்க வேண்டி வந்ததே, அது நீதானே. லாசரை நினைக்கும்போது அரிப்பு வேறு யாருக்கு ஞாபகம் வரும்? அன்று பூசையில் சாமியார் சொன்னது ஒன்றும் என் காதில் ஏறவில்லை. ஏன் முன்னாடியே வரவில்லை என்று ஆண்டவரிடம் லாசரின் சகோதரி மார்த்தா முகத்துக்கு நேராகக் கேட்டாள், அவளுக்காவது கேட்க ஆள் எதிரே நின்றது. தவக்காலம் முடிகிறவரை எனக்குப் போனைக்கூட எடுக்க மாட்டார்கள்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த மறுநாள் காலையிலேயே மடத்துக்குப் போன் போட்டேன். வாசல் சிஸ்டர், யார் எழுதினாங்கன்னு நாங்க சொல்றதில்லம்மா, எழுதினது எல்லாருக்கும் சொந்தம் என்றார்கள். நான் விடவில்லை. அப்புறம் இரக்கப்பட்டு, நீங்க மட்டும் இல்லம்மா, லாசர் தாள் எங்க பொண்ணு எழுதினதுதான்னு உங்களுக்கு முன்னாடியே மூணு அம்மாமாருங்க அழுதுட்டாங்க, ஒருத்தங்க எம் பொண்ணுக்கு அம்மை போட்டப்போ இப்படித்தான் அரிச்சுதுன்னு சத்தியம் பண்றாங்க என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடுத்த நிமிஷம் அழுகை. அது உன்னுடையது இல்லாவிட்டால் எனக்கு நிம்மதிதான், ஆனால் அப்போது அது எந்த அம்மாவின் பிள்ளை? அவளுடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ள மனசு வரவில்லை, உன்னுடையதாக இருக்கட்டும் என்றும் எப்படிச் சொல்வேன்.

உயிர்ப்புத் தாளோ நேர் எதிர். தோட்டத்தில் மதலேன் மரியாளிடம், என்னைப் பிடித்துக்கொள்ளாதே என்று ஆண்டவர் சொன்னதை எடுத்துக்கொண்டு, அன்பு வைத்தவர்கள் கையைத் திறக்கப் பழகட்டும் என்று அத்தனை சந்தோஷமாக எழுதியிருந்தது. நன்றாகத்தான் வாசித்தேன், மனசுக்குள் மட்டும், எழுதினவள் ஒரு பிள்ளையைப் பெத்துப் பார்க்கட்டும் என்று திட்டினேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அதுவும் நீயாக இருக்கலாமே என்று உறைத்தது.

அப்பாவிடம் புலம்பினால், லிஃப்ட்ல மாட்டினவங்க சும்மா இருப்பாங்க, வெளிய நிக்கிற சொந்தக்காரங்கதான் பட்டனை அழுத்தி அழுத்திக் கெடுப்பாங்க, நீ கையை எடு என்கிறார். சொல்லிவிட்டு அவரே உன் அறை ஜன்னல் கொக்கியை, நன்றாக இருக்கிற கொக்கியை, கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார்.

வருகிற பெந்தகோஸ்தே திருநாளுக்கு உனக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவற வாக்குக் கொடுக்கப் போகிறாய். அதற்கு முன் எப்போது வேண்டுமானாலும், யாருக்கும் காரணம் சொல்லாமல் நீ வீட்டுக்கு வரலாம் என்று உன்னைச் சேர்க்கும்போதே மதர் சொன்னார்கள். நான் வா என்று எழுதவில்லை. எழுதினால் உன் தேவ அழைத்தலில் குறுக்கே விழுந்தவள் ஆகிவிடுவேன். எழுதாமல் இருந்து, நீ வாய் திறந்து சொல்ல முடியாமல் உள்ளே கிடந்தால்? உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு கல்லூரிக் கடைசிப் பரீட்சை எழுதினவள் நான், இலக்கியம் படித்து என்ன பிரயோசனம், இரண்டு தாளில் என் பிள்ளை எது என்று அடையாளம் தெரியவில்லை. உனக்குக் கொடுப்பதற்கு முன் மதர் இதைப் படிப்பார்கள், படிக்கட்டும், மறைக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

ஆண்டவரும் மாதாவும் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன். இரத்தச் சோகை மாத்திரையை நிறுத்திவிடாதே, உபவாசம்தான் முடிந்துவிட்டதே, சாக்குச் சொல்லாமல் சாப்பிடு. பெரிய சிந்தனையெல்லாம் எனக்கு வேண்டாம், எந்தத் தாள் உன்னுடையது என்று மட்டும் எழுது. இரண்டும் இல்லை என்றால் அதையும் எழுது. சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா