கதவு திறந்து நடக்கும் வழக்கு

அன்பு மகள் பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். கல்யாணம் நின்றதிலிருந்து நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன் எழுத்து, பொறுத்துக்கொள்.

மாப்பிள்ளை வீட்டுக்கு உன் பழைய வழக்குத் தாளின் நகலை அனுப்பியவன் யாரென்று தெரிந்துவிட்டது. நீதிமன்றக் கோப்பு அறைக்காரன்தான். பழைய தெருவில் இருந்தபோது, பதினாலு வயதில், யாருடைய ஸ்கூட்டரையோ ஓட்டிப் போய் ஒரு பெரியவர் காலை முறித்தாயே, அன்று சிறுவர் நீதிமன்றத்து நீதிபதி அம்மா கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, இது இந்த அறையைத் தாண்டாது என்றார். அதை நம்பி நானும் வாயைக் கட்டிக்கொண்டேன். மைக் செட் வாடகைக்கு விட்டுச் சத்தத்தில் சோறு தின்கிறவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாததா.

அவனே இரண்டு மாதம் முன்பு கடைக்கு வந்தான், வீட்டு விசேஷத்துக்கு ஸ்பீக்கர் கேட்டு. "என் தங்கச்சி பையனை வேண்டாம்னீங்களே அண்ணே, இப்ப உங்க பொண்ணு வண்டவாளம் ஒரு காகிதத்துல ஏறிப் போயிடுச்சு பாருங்க" என்று பல்லைக் காட்டினான். ஸ்பீக்கர் தெருவைப் பார்த்து நின்றது, மைக் என் கையில். பொத்தானை அழுத்தினால் அவன் வாக்குமூலம் தெருக்கோடி வரை கேட்கும். அழுத்தப் போனேன். அதோடு சேர்ந்து உன் கதையும் போகுமே என்று உறைத்ததும் வயரையே பிடுங்கினேன். ஷாக் அடித்தது. நான் பயந்து நடுங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனான்.

நேராகச் சிறுவர் நீதிமன்றத்து நீதிபதியிடம் மனு கொடுத்தேன். விசாரித்தார்கள். அவன் வேலை போயிற்று, வழக்கும் போட்டாயிற்று. இத்தோடு விட்டுவிடலாமே என்றாள் உன் அம்மா. எனக்கு மனம் ஆறவில்லை. வக்கீல் சொன்னது தேனாக இருக்கிறது: கதவைச் சாத்துவது பிள்ளைகளுக்காக. இந்த எருமைக்குக் கதவு திறந்தேதான் நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

தெருவையே என் வேனில் ஏற்றிப் போவதாக இருந்தேன். "அந்தப் பொண்ணு யாரு வீட்டுப் பொண்ணுன்னு வேன்லயே எழுதி ஒட்டிடுங்க" என்றாள் உன் அம்மா. என் மூளை அவ்வளவுதான். வேன் திட்டத்தைக் கைவிட்டேன்.

ஆனால் நீ வா, பாப்பா. வாசல் பக்கம் உட்கார், நான் ஜன்னல் பக்கம் யாரோபோல் இருக்கிறேன். அங்கே உன்னை 'அந்தச் சிறுமி' என்றுதான் சொல்வார்கள். அவனைத்தான் வராந்தா அதிரப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். என் ஸ்பீக்கரில் அப்படியொரு இனிமையான சத்தம் வந்ததே இல்லை. அன்று அந்த அறையிலிருந்து நீ தலை குனிந்து வெளியே வந்தாய். இந்த முறை அவன் குனிந்து வருவதை நீ நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதைத்தான் இந்த அப்பா கேட்கிறேன்.

நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு,

இத்தனை வருஷமும் வாயைத் திறக்காத
உன் சத்தக்கார அப்பா