பெட்டிக்கு வைத்த பொட்டு

ரிமோட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையில் உங்கள் கட்டைவிரலின் சுண்ணாம்புத் தடம் இன்னும் இருக்கிறது. வெற்றிலைக்குத் தடவிய கையைத் துடைக்காமலே சத்தத்தைக் கூட்டும் பட்டனை அமுக்குவீர்கள். நான் எத்தனை சொல்லியும் கேட்டதில்லை. இன்று காலை அந்த உறையைக் கழற்றி எறியலாம் என்று கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன். தடத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. ஏன் எறியப் பார்த்தேன் என்பதை முதலில் இருந்தே சொல்கிறேன். நடுவில் ஆரம்பித்தால், "ஏன் அம்மிணி, ரிவர்ஸ்லயே வண்டியெடுக்கறே?" என்பீர்கள்.

டிவிக்குக் கீழே நீங்கள் குடிவைத்த ஹோம் தியேட்டர் பெட்டி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. எல்லாம் ஆயுத பூஜையன்று ஆரம்பித்தது. உங்கள் வருஷத் திதி கழிந்து வந்த முதல் பூஜை. நான் பொட்டு வைக்கலாமா கூடாதா என்று யாரும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் நான்தான் வைத்திருப்பேன். மகனின் கார், தண்ணீர் மோட்டார், கிரைண்டர், டிவி, உங்கள் பெட்டி என்று ஒன்று விடாமல் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமம் இட்டேன். பூஜை முடிந்ததும் மகன் தன் போனில் இருந்து பெட்டி வழியாகப் பாட்டை அலறவிட்டான். போனில் தொட்டாலே போதும், பெட்டி தானாக அவன் பக்கம் திரும்பிக்கொள்கிறது. சாயங்காலம் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டான்.

மறுநாள் டிவியைப் போட்டால் படம் ஓடுகிறது, ஆட்கள் வாயசைக்கிறார்கள், சத்தம் மட்டும் இல்லை. பெட்டி அவன் போனுக்காகவே காத்துக்கொண்டு நிற்கிறது. அதை டிவி பக்கம் திருப்ப ரிமோட்டால்தான் முடியும். அதன் முகத்தில் ஆன் பண்ணும் பட்டனும் சத்தத்தைக் கூட்டும் குமிழும் தவிர, அமுக்கவோ திருகவோ வேறொன்றும் கிடையாது.

நீங்கள் சொல்லிக் கொடுத்தது எனக்கு மறந்துவிடவில்லை. அத்தனை பட்டனையும் பார்த்து நான் மலைத்தபோது, "எல்லாத்தையும் பாத்தாத் தலைதான் சுத்தும். மேல் வரிசையில, ஆரைக் கூப்புடறமுன்னு மொதல்ல சொல்லோணும். அப்பறந்தான் என்ன வேணுமுன்னு சொல்லோணும்" என்றீர்கள். அப்படியே செய்தேன். பெட்டியைக் கூப்பிட்டு டிவியைக் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. தலைகீழாகச் சொல்லிவிட்டேனோ என்று டிவியைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கேட்டேன். டிவி அணைந்துபோனது. பக்கத்தில் போய் நீட்டினேன், தள்ளி நின்று நீட்டினேன். பஸ் ஸ்டாண்டு கடையில் புது செல் வாங்கி வந்து மாற்றினேன். கழற்றிய பழைய செல்லைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் அது ஜம்மென்று ஓடுகிறது. ஆக, செல் மேல் குற்றமில்லை. பிறகு யார் மேல்? என் புத்திதான் பிசகுகிறது என்று நினைத்துக்கொண்டேன். வயதாகிறதில்லையா.

மகன் போனில் பொறுமையாகத்தான் சொன்னான்.

"மேல இருக்கற முதல் பட்டனை அமுக்கும்மா."

"அமுக்கிட்டேஞ்சாமி."

"இப்ப டிவின்னு போட்டிருக்கறதை அமுக்கு."

"அதையும் அமுக்கிட்டேன். அது பாட்டுக்குக் கெடக்குது."

"உனக்கு இது சரிப்படாதும்மா. தீபாவளிக்கு வாரப்ப நான் எடுத்துட்டுப் போயர்றேன். உனக்கு நீட்டமா ஒரு ஸ்பீக்கர் வாங்கித் தாரேன். ஒரே பட்டன்தான், ஒரு ரோதனையும் இல்லை."

என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னான். சரி என்று போனை வைத்துவிட்டு அழுதேன்.

அவனுக்கு அந்தப் பெட்டியின் கதை முழுதாகத் தெரியாது. எனக்கு வந்த அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு என் இடது காது போனதும், நான் உங்களோடு உட்கார்ந்து படம் பார்ப்பதை விட்டுவிட்டேன். பேச்சும் பாட்டும் கலந்து கொழகொழவென்று கேட்கும். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று தெரியாமல் நானும் சிரித்து வைப்பேன். லாரியோடு ஊர் சுற்றிய காலமெல்லாம் முடிந்து, சங்ககிரியில் வீட்டோடு நீங்கள் இருக்க ஆரம்பித்த நேரம் அது. ஒருநாள் பெட்டியும் ஸ்பீக்கர்களுமாக வந்து இறங்கினீர்கள். என்னை என் நாற்காலியில் உட்காரவைத்து, ரிமோட்டை அமுக்கி அமுக்கி, "இப்பக் கேக்குதா?" என்றீர்கள். "கேக்கலைங்க" என்றேன். மறுபடி அமுக்கினீர்கள். நடு ஸ்பீக்கருக்கு அடியில் பலகையைச் செருகி என் முகத்துக்கு நேராக நிமிர்த்தினீர்கள். "இது வாய் அம்மிணி. ஆளுங்க பேசறது இதுல வரும். மத்ததுல வாரதெல்லாம் வண்டிச் சத்தம். வாயை ஏத்தி, வண்டியை எறக்கி வெச்சிருக்கறேன்."

அன்றைக்கு ஒரு பெண் டிவியில் "சாப்பிட்டியா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள், என்னங்க இது, பாட்டே அமுங்கிக் கிடக்கிறது என்றால், "ஊட்டுக்காரிக்கு வெச்ச செட்டிங்குங்க" என்று சொல்லிவிடுவீர்கள். பெட்டியை மகன் எடுத்துப் போனால் அவன் வீட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்வான். அவனுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது. எனக்காக நீங்கள் ஏற்றி இறக்கி வைத்தது அதோடு போய்விடும்.

அதனால்தான், பட்டன் சரியாக அமுங்காமல் உறைதான் தடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். எறிய முடியாமல், சரி, தீபாவளிக்குச் சுத்தமாவது செய்வோம் என்று ஈரத்துணியோடு டிவி மேடைக்குப் போனேன். பெட்டியின் முகத்தில், கறுப்புக் கண்ணாடியின் நட்ட நடுவில் நான் வைத்த பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. துணி பட்டதும் உதிர்ந்துவிட்டது. மிச்சத்தையும் துடைத்தேன். டிவி ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது. போகிற போக்கில், ஒரு நம்பிக்கையும் இல்லாமல் ரிமோட்டில் பெட்டியைக் கூப்பிட்டு டிவியைக் கேட்டேன்.

"கடுகு பொரிஞ்சதும் கறிவேப்பிலை போடுங்க" என்று நடு ஸ்பீக்கரில் இருந்து ஒரு அம்மாள் தெளிவாகச் சொன்னார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அந்தக் கண்ணாடியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு அமுக்கிப் பார்த்தேன். சொன்ன பேச்சைப் பெட்டி கேட்கவில்லை. விரலை எடுத்தால் கேட்கிறது. ரிமோட்டைப் பார்க்கப் பெட்டிக்குக் கண் அங்கேதான் இருக்கிறது. அத்தனை நாளும் அதன் கண்ணில் சந்தனத்தை அப்பிவிட்டு எதிரே நின்று கத்தியிருக்கிறேன்.

குழப்பம் அங்கே தீரவில்லை, அங்கேதான் தொடங்கியது. வருஷா வருஷம் நான் அதே நடுவில்தானே வைத்தேன்? அப்போதெல்லாம் எப்படிப் பேசியது?

கண்ணாடியின் வலது ஓரத்தில் பழைய குங்குமக் கறை ஒன்று இருக்கிறது. என் விரலைவிட அகலம், உங்கள் கட்டைவிரல் அளவு. அதைப் பார்த்ததும்தான் நினைவு வந்தது. பூஜை முடிந்ததும் நீங்கள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி பெட்டியின் முன் குனிந்து நிற்பீர்கள். "லாரியைக்கூட இத்தனை நேரம் நீங்க கும்பிட்டதில்லைங்களே" என்று கேலி செய்வேன். "இதுவும் வண்டிதான அம்மிணி" என்பீர்கள். மறுநாள் பார்த்தால் பொட்டு ஓரத்தில் இருக்கும். நடுவில் வைத்தது எப்படி ஓரத்துக்குப் போனது என்று கேட்டால், "நீ வெச்சது வெச்ச எடத்துலதான் இருக்குது" என்று முகம் மாறாமல் சொல்வீர்கள். நானும் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஏன் சொல்லவில்லை? ஓரமாக வை என்று ஒரு வார்த்தை சொன்னால் வைத்திருக்க மாட்டேனா? மாட்டேன்தான். சாமியோ கிரைண்டரோ, பொட்டு நடுவில் இருந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அது தெரிந்து விட்டுக்கொடுத்தீர்களா, என்னை ஏமாற்றுவதில் உங்களுக்கு ஒரு சந்தோஷமா, இல்லை கும்பிடவும்தான் செய்தீர்களா? எதுவென்று எனக்கு விளங்கவில்லை. கேட்கலாம் என்றால், ரிமோட்டின் மேல் வரிசையில் உங்களைக் கூப்பிட ஒரு பட்டன் இல்லை.

மகனுக்குப் போன் செய்து, பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். "எப்படிம்மா சரியாச்சு?" என்றான். "அமுக்குனேன், பேசுச்சு" என்றேன். பொட்டு விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை. நீங்கள் என்னிடம் சொன்னீர்களா என்ன?

அடுத்த ஆயுத பூஜைக்கும் நட்ட நடுவில்தான் வைப்பேன். வைத்துவிட்டு, உங்கள் துண்டை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியின் முன் குனிந்து நிற்பேன். யாராவது பார்த்துச் சிரித்தால், இதுவும் வண்டிதானுங்களே என்று சொல்லிக்கொள்கிறேன்.