பதினோராவது கோடு

மார்ச் 3, செவ்வாய்

பேராசிரியர் பதவிக்கான கோப்பு வெள்ளிக்குள் போயாக வேண்டும். இருபத்திரண்டு வருஷம் ஆய்வுக்கூடத்தில் தவம் கிடந்ததற்குப் பலன் முப்பத்தேழு கட்டுரை. அதில் ஊர் வாயில் இருப்பது முப்பத்தியோராவது ஒன்றுதான். ரத்தப் புற்றுநோயாளியின் எதிர்ப்புச் செல்களை எடுத்து, புற்றை அடையாளம் காணப் பழக்கி, அவருக்கே திருப்பி ஏற்றும் சிகிச்சை. இருபத்தெட்டாம் நாள் பரிசோதனையில் பத்துக்குப் பத்து வெற்றி. ஆளுக்கு ஒரு கோடு போட்ட படம். நாளாக ஆகப் புற்று குறைந்து, எல்லாக் கோடும் அடியில் போய்ப் படுக்கும். செய்தித்தாளில்கூட அந்தப் படம் வந்தது. மற்ற முப்பத்தாறை நானே இரண்டாம் முறை படித்ததில்லை.

மார்ச் 4, புதன்

பிரிண்ட் எடுத்ததில் அந்தப் படத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு அதிகம். பிரிண்டரைத் திட்டினேன்.

மார்ச் 5, வியாழன்

மாடிப் பிரிண்டரிலும் அதே கோடு. திரையில் பத்து, தாளில் பதினொன்று. கோப்பைச் சரிபார்க்கும் கிளார்க் அக்கா பேனா முனையால் எண்ணிவிட்டு, "எழுத்துல பத்துப் பேர்னு இருக்கு, படத்துல பதினொண்ணு வருதே மேடம்?" என்றார். முதல்ல கண்ணாடியை மாத்துங்க என்று எரிந்து விழுந்தேன். அவர் முகம் சுண்டிப் போச்சு.

வீட்டில் இவரிடம் நீட்டி எண்ணச் சொன்னேன். கணக்கில் புலியாச்சே. "பதினொண்ணு. ஒண்ணு மட்டும் பாதியில நின்னுடுச்சு. மை தீந்துடுச்சா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

ஸ்கேல் வைத்து அளந்தேன். கோடு நிற்கும் இடம் பத்தொன்பதாம் நாள்.

தெரியும். அளக்காமலே தெரியும்.

கோப்பு போகவில்லை. திங்கள்வரை அவகாசம் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன். பதினோராவது ஆள் இருந்தார். பஸ் டிரைவர். செல்களை ஏற்றும்போது, "வண்டி கெளம்பிடுச்சா டாக்டர்?" என்று கேட்டவர். செல்கள் வெறி பிடித்த மாதிரி வேலை செய்தன. புற்று சரசரவென்று இறங்கியது, காய்ச்சல் ஏறியது, ரத்த அழுத்தம் விழுந்தது. பத்தொன்பதாம் நாள் போய்விட்டார். ஆபரேஷன் சக்சஸ், பேஷண்ட் அவுட் என்று சிரிப்பார்களே, அதேதான்.

இருபத்தெட்டாம் நாள் பரிசோதனைக்கு அவர் இல்லை. ஆகவே 'மதிப்பிடத் தகுந்தவர்கள் பத்துப் பேர்'. பத்து நிமிஷக் கூட்டத்தில் அந்தச் சொற்களை எடுத்துக் கொடுத்தது நான்தான். சாவு ஆஸ்பத்திரி ஃபைலில் இருக்கிறது, கட்டுரையில் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். யாரும் கேட்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

இன்றும் அனுப்பவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

போன். "டாக்டரம்மா, நான் பஸ் டிரைவர் சம்சாரம். ஞாபகம் இருக்குங்களா?"

நாலு வருஷம் கழித்து, இந்த வாரம் பார்த்தா? செய்தித்தாளில் வந்த படத்தை அப்போதே வெட்டி பீரோக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாராம். "தன்னால நாலு பேர் பிழைச்சா சரின்னு சொல்லித்தானே அவர் கையெழுத்துப் போட்டார்? இதுல அப்பா எந்தக் கோடுன்னு பொண்ணு கேக்குறா. பதினொண்ணு இருக்கு, ஒண்ணு மட்டும் பாதியில நிக்குது. அதுதானுங்களா?"

செய்தித்தாளுக்குப் படம் கொடுத்ததே நான்தான். அதில் பத்து. பத்துதான் கொடுத்தேன்!

அப்புறம் கூப்பிடுறேம்மா என்று வைத்துவிட்டேன். சீ, கோழை.

மார்ச் 11, புதன்

கட்டுரையைத் திருத்தலாம் என்று போய்ச் சொன்னதும், அதில் தானும் பேர் போட்டிருக்கும் எங்கள் துறைத் தலைவர் ('மீசை' என்பது நாங்கள் வைத்த பேர்) கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "சும்மா கெடக்குற சங்கை ஊதிக் கெடுக்காதேம்மா. உனக்குப் பதவி போகும், என் பேரும் நாறும்." மேஜைமேல் அந்தக் கட்டுரை. "எத்தனை கோடு, எண்ணுங்க சார்" என்றேன். பார்க்காமலே தாளைக் கவிழ்த்து வைத்தார்.

ஏற்கெனவே எண்ணியிருக்கிறார் மனுஷன்.

மார்ச் 13, வெள்ளி

ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். பதினொரு பேர், ஒருவர் பத்தொன்பதாம் நாள் சிகிச்சையால் இறந்தார். பதவிக்கு விண்ணப்பிக்கவில்லை என்று கிளார்க் அக்காவிடம் சொல்லி, மன்னிப்பும் கேட்டேன். "அப்போ கண்ணாடி மாத்த வேண்டாம்ல?" என்றார்.

மார்ச் 14, சனி

டிரைவர் சம்சாரத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ அவரை நீங்க எண்ணவே இல்லையா?" என்றார்.

இல்லைம்மா.

வைத்துவிட்டார். அழுதேன்.

ஜூன் 22, திங்கள்

திருத்தம் வெளியாகிவிட்டது. என் பட்டியலில் முப்பத்தெட்டாவது. நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. மீசை என்னைக் கண்டால் லிஃப்டை விட்டுப் படியேறுகிறார், அவர் முட்டிக்கு நல்லது.

புதுப் படத்தை பிரிண்ட் எடுத்தேன். பதினொரு கோடு, ஒன்று பத்தொன்பதில் நிற்கிறது. மார்ச்சில் எடுத்த பழைய தாளைத் தேடி எடுத்தேன். பத்து. திருப்பித் திருப்பி எண்ணினாலும் பத்து.

மத்தியானம் போன். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"டாக்டரம்மா, பீரோவுல ஒட்டினதுல அவர் கோட்டைக் காணோங்க. காலையிலேர்ந்து தேடுறேன்."

"இங்க வந்துட்டாரும்மா" என்றேன்.